மூன்று பஸ் மாறி ஏழு சோறு

மேட்டுக்குப்பம்,
9.7.2001

திருவண்ணாமலை சம்பந்தி அம்மாளுக்கு,

வளவனின் அம்மா ஜோதியம்மாள் எழுதுவது. போன் போட்டால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவீர்கள். உங்கள் மகள் தேவிப்ரியா எழுதிய மூன்று கடிதமும் பிரிக்காமலே திரும்பி வந்தன. என் கையெழுத்து உங்களுக்குத் தெரியாது என்பதால் இதைப் பிரித்திருப்பீர்கள். பிரித்தது பிரித்தாயிற்று, முழுசும் படித்துவிடுங்கள்.

உங்கள் மகளுக்கு ஐந்தாம் மாசம் நடக்கிறது. ஆவணியில் ஏழு. ஏழாம் மாசம் தாய் வீட்டு அடுப்பில் சமைத்த ஏழு வகைச் சோறு வந்து சேர வேண்டும், அன்றைக்கே விளக்கு வைக்கும் முன் பெண் அதில் வாய் வைக்க வேண்டும். உங்கள் பக்கம் போலவே எங்கள் பக்கமும் அதுதான் வழக்கம். நீங்கள் கல்யாணத்துக்கு வரவில்லை, அதை நான் கேட்கவில்லை. ஆனால் சோறு வராத பெண்ணை எங்கள் குப்பத்தில் நாதியற்றவள் என்பார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். நாங்கள் அப்படித்தான்.

வர வழி சொல்கிறேன். மெட்ராஸ் பஸ்ஸில் ஏறி செஞ்சி, திண்டிவனம் தாண்டி செங்கல்பட்டில் இறங்குங்கள். அங்கிருந்து மாமல்லபுரத்துக்கு ஒரு பஸ். அங்கிருந்து எங்கள் ஊருக்கு டவுன் பஸ். அது வராவிட்டால் எங்கள் மீன் டெம்போ உண்டு, முன் சீட்டைத் துடைத்து வைக்கச் சொல்கிறேன். பாண்டிச்சேரி போய்க் கடலோர ரோட்டிலும் வரலாம். ரயில் என்றால் விழுப்புரம் போய் மாற வேண்டும், நாள் போய்விடும். இன்னொன்றும் இருக்கிறது. ரமணாசிரமத்துப் பக்கம் வாடகைக் கார் ஓட்டும் மூர்த்தி, ஞாயிற்றுக்கிழமை தோறும் வெள்ளைக்காரர்களை எங்கள் கரைக்குக் கூட்டி வருகிறான். வளவனிடம் அலைப்பலகையில் ஏறி நின்று அலைமேல் சறுக்கப் பழக வருகிறவர்கள் அவர்கள். நல்ல பையன். அவனோடு வந்தால் ஒன்பது மணிக்கெல்லாம் இங்கே இருக்கலாம்.

எது சௌகரியமோ எழுதுங்கள்.

ஜோதியம்மாள்


அருணாசல சிவம்

திருவண்ணாமலை,
16.7.2001

ஜோதியம்மாளுக்கு ரேணுகாம்பாள் எழுதிக்கொண்டது.

இங்கே எல்லாரும் சுகம். அங்கே சுகமா என்று கேட்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

வழி சொல்லியிருக்கிறீர்கள், சந்தோஷம். மீன் டெம்போவில் சர்க்கரைப் பொங்கலை வைத்துக்கொண்டு நான் வர வேண்டுமா? சீட்டைத் துடைத்தால் நாற்றம் போய்விடுமா? இந்த வீட்டில் மீன் வாசனை நுழைந்து எட்டு வருஷம் ஆகிறது. உங்கள் மருமகள் பதினாலு வயசில் மஞ்சள் காமாலையில் கண்ணெல்லாம் மஞ்சளாகிக் கிடந்தபோது, அண்ணாமலையானிடம் வேண்டிக்கொண்டு மீனை விட்டேன். நூற்றெட்டுப் பௌர்ணமி விடாமல் மலை சுற்றுகிறேன் என்றும் அன்றைக்குத்தான் வேண்டிக்கொண்டேன். அவள் பிழைத்தாள். பிழைத்து என்ன செய்தாள் என்பது உங்களுக்கே தெரியும்.

பாண்டிச்சேரி பஸ்ஸில் பாதிப் பேர் குடித்துவிட்டு ஏறுகிறார்கள். ஒருத்தன் பக்கத்தில் சரிந்தால் நான் கேரியரைக் காப்பாற்றுவேனா, புடவையைக் காப்பாற்றுவேனா? மூர்த்தி வண்டியைப் பற்றி எழுதவே கூசுகிறது. அந்த வண்டியைச் செங்கம் ரோட்டில் நானே பார்த்திருக்கிறேன். மேலே இஸ்திரி மேஜை மாதிரி பலகை கட்டியிருக்கிறது. உள்ளே அரை டிராயர் போட்ட பெண்கள் காலைத் தூக்கி முன் சீட்டின்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் பிள்ளையும் ஒருநாள் அந்த வண்டியில் வந்துதானே, என் மகள் வேலை பார்த்த எஸ்.டி.டி. பூத்தில் இறங்கினான்? அந்த வண்டியில் நான் ஏறுவதா?

நான் வருவதாக நினைக்க வேண்டாம். மாமல்லபுரத்திலிருந்து டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் எழுதுங்கள். கேட்டு வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

ரேணுகாம்பாள்


மேட்டுக்குப்பம்,
31.7.2001

சம்பந்தி அம்மாளுக்கு,

டவுன் பஸ் நேரம் கேட்டிருந்தீர்கள். நான் எழுதும் முன் நீங்களே தெரிந்துகொண்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தேன். நெற்றி நிறைய விபூதி, தலையில் கதம்பம், கையில் பெரிய கேரியர். ஓர் அம்மாள் கவிழ்த்து வைத்த படகுக்குப் பின்னால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். தேவிப்ரியாவின் பெட்டியில் உங்கள் போட்டோவைப் பார்த்திருக்கிறேன். எழுந்து வந்து கூப்பிடலாம் என்று வலையை உதறிவிட்டு நிமிர்ந்தால் ஆளைக் காணோம். படகுக்குப் பின்னால் வாந்தி மட்டும் கிடந்தது. மேலே மணலைத் தள்ளி மூடியிருந்தீர்கள், அந்த மட்டும் சுத்தக்காரிதான்.

உங்களுக்கும் மணலில் உட்கார்ந்திருந்த உங்கள் மகளுக்கும் நடுவே நாற்பது அடி இருந்திருக்குமா? மூன்று பஸ் மாறி வந்தவர் அந்த நாற்பது அடி வரவில்லையே!

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் தாங்கமாட்டாள். ஆனால் எனக்குக் கோபம் அடங்கவில்லை. அப்படி என்ன கண்டீர்கள் எங்களிடம்?

ஜோதியம்மாள்


அருணாசல சிவம்

திருவண்ணாமலை,
5.8.2001

ஜோதியம்மாளுக்கு,

என்ன கண்டேன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

நான் ஒத்திகை பார்க்கத்தான் வந்தேன். ஏழு சோறும் சமைத்து எடுத்துக்கொண்டு போனால் எந்தச் சோறு எந்த ஊரில் கெடுகிறது என்று தெரிய வேண்டாமா? நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். 4.40 திருவண்ணாமலை. 5.35 செஞ்சி, அதற்குள் பின் சீட்டுக் குழந்தை இரண்டு தரம் கக்கிவிட்டது. அதன் அம்மா என் சீட்டுக்கு அடியில் கிடந்த பேப்பரை எடுத்துத் துடைத்துவிட்டு அதே கையால் வடை தின்றாள். 6.30 திண்டிவனம். பஸ் ஸ்டாண்டில் பெண்கள் பக்கம் உள்ளே போனவள், புடவையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு அப்படியே திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு பன்னிரண்டு மணி வரை அடக்கிக்கொண்டுதான் இருந்தேன். 8.20 செங்கல்பட்டு. 10.15 மாமல்லபுரம். அங்கே ஒன்றேகால் மணி நேரம் வெயில். கேரியரைத் திறந்து பார்த்தேன். தேங்காய்ச் சாதம் நூல் விட்டிருந்தது. தயிர்ச் சாதம் பொங்கி மூடியைத் தள்ளியது. புளிச் சாதமும் எள் சாதமும் மட்டும்தான் சரியாக இருந்தன. அந்த நாற்றத்தை மடியில் வைத்துக்கொண்டு உங்கள் ஊரில் வந்து இறங்கினேன்.

உங்கள் கரையில் காலை வைக்க இடமில்லை. வெளிக்குப் போனதை அலை வந்து கழுவிக்கொள்ளும் என்று விட்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. அதைத் தாண்டி வந்தால், தண்ணீருக்குள் என் மாப்பிள்ளை. ஒரு வெள்ளைக்காரி பலகைமேல் குப்புறப் படுத்திருக்கிறாள், உடம்பில் துணி என்று சொல்ல ஒரு முழம் இருந்தால் அதிகம். இவன் அவளைக் காலோடு பிடித்துத் தள்ளுகிறான். தள்ளிவிட்டு, "எழுந்திரு, எழுந்திரு!" என்று இங்கிலீஷில் கத்துகிறான். இதுதான் உத்தியோகமா?

அதையாவது ஜீரணித்திருப்பேன். மணலில் உட்கார்ந்திருந்தாளே என் மகள். நைட்டியோடு, தலை வாராமல், காகிதத்தில் வறுத்த மீன். முள்ளை உறிஞ்சித் துப்புகிறாள். விரலை நக்குகிறாள். எந்த வாய் பிழைக்க வேண்டும் என்று நான் எட்டு வருஷம் நாக்கைக் கட்டினேனோ அந்த வாய்! படகுக்குப் பின்னால் அப்படியே வாந்தி எடுத்தேன். அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

அவளுக்குக் கால் வீங்கியிருக்கிறது. அங்கிருந்தே தெரிந்தது. பார்லிக் கஞ்சி கொடுங்கள், உப்பைக் குறையுங்கள்.

ரேணுகாம்பாள்


மேட்டுக்குப்பம்,
10.8.2001

சம்பந்தி அம்மாளுக்கு,

பார்லி வாங்கிவிட்டோம்.

மீனைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் அவள் மீனைத் தொட்டதில்லை. எனக்கு மீன் தனிச் சட்டி, அவளுக்குப் பருப்புத் தனிச் சட்டி என்று இருந்தோம். உண்டான நாளிலிருந்து தண்ணீர் குடித்தாலும் வாந்தி. ஆஸ்பத்திரியில் இரண்டு தரம் பாட்டில் ஏற்றினார்கள். டாக்டரம்மா, "எது உள்ளே நிக்குதோ அதைக் குடுங்க, விரதமெல்லாம் அப்புறம்" என்றார். சோறு நிற்கவில்லை, இட்லி நிற்கவில்லை. ஒருநாள் நான் தின்றுகொண்டிருந்த வறுத்த மீனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "அத்தே, ஒரு துண்டு தர்றீங்களா?" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். தின்றுவிட்டு அழுதாள். "எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா செத்துடும்" என்றாள். அது ஒன்றுதான் உள்ளே நின்றது. நீங்கள் துப்பப் பார்த்த அந்த முள்தான் உங்கள் பேரப்பிள்ளையை இதுவரை வளர்த்திருக்கிறது.

என் பிள்ளை உத்தியோகத்தைக் கேட்டீர்கள். அவன் அப்பா பலராமன் விடியலில் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. படகில் ஒரு பலகை மட்டும் ஏழாம் நாள் சதுரங்கப்பட்டினத்துப் பக்கம் ஒதுங்கியது. என் பிள்ளை கரையிலிருந்து ஐம்பது அடிக்குள் நின்று சம்பாதிக்கிறான். திரும்பிப் பார்த்தால் தலை தெரிகிறது. யார் காலைப் பிடித்துத் தள்ளினால் எனக்கென்ன?

நாள் குறித்துவிட்டோம். செப்டம்பர் 2, ஞாயிறு. நிலா வெளிச்சத்தில் வலையில் மீன் படாது, ஆண்கள் எல்லாரும் கரையில் இருப்பார்கள். அதற்கு மறுநாளிலிருந்து மாளய பட்சம், பதினைந்து நாள் நல்ல காரியம் கிடையாது. பிறகு ஏழாம் மாசம் தாண்டிவிடும். வேறு நாள் இல்லை.

ஜோதியம்மாள்


அருணாசல சிவம்

திருவண்ணாமலை,
17.8.2001

ஜோதியம்மாளுக்கு,

கடிதம் படித்தேன். உங்கள் வீட்டுக்காரர் விஷயம் எனக்குத் தெரியாது. தெரியாமல் எழுதியதை மனசில் வைக்க வேண்டாம்.

ஆனால் செப்டம்பர் 2 பௌர்ணமி. நிலா உங்களுக்கு மீன் படாத நாள், எனக்கு மலை சுற்றும் நாள். ஊரே அன்றைக்கு மலையைச் சுற்றுகிறது, நான் மட்டும் ஊரை விட்டுப் போவதா? இது எனக்கு நூற்று மூன்றாவது. ஒன்று விட்டால் வேண்டுதல் முறிந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். காய்ச்சலிலும் போயிருக்கிறேன். என் மாமனார் காரியம் முடிந்த ஏழாம் நாளும் போனேன். அவளுக்காகச் செய்த வேண்டுதலை அவளுக்காகவே உடைத்தால் அண்ணாமலையான் என்ன நினைப்பான்?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். கலெக்டர் ஆபீஸ் பைலைப் பார்ப்பது போல உங்கள் கடிதத்தை இரண்டு தரம் புரட்டினார். "நீயே முடிவு பண்ணு" என்று சொல்லிவிட்டு வேங்கிக்கால் ஆபீசுக்குச் சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். இந்த மனுஷரிடம் இருபத்தைந்து வருஷமாக இதே பதில்தான்.

யாராவது ஒரு சுமங்கலியை விட்டு நீங்களே சோறு செய்து போடுங்கள். அரிசியும் சாமானும் பார்சலில் அனுப்புகிறேன்.

ரேணுகாம்பாள்


மேட்டுக்குப்பம்,
22.8.2001

சம்பந்தி அம்மாளுக்கு,

பார்சல் அனுப்ப வேண்டாம். எங்கள் ஊர்க் கடையில் அரிசி இருக்கிறது.

உங்கள் மலையைச் சுற்ற அன்றைக்கு எத்தனை லட்சம் பேர் வருவார்கள்? ஒரு ஆள் குறைந்தால் சாமிக்குத் தெரியுமோ தெரியாதோ. இங்கே வர வேண்டியது ஒரே ஒரு ஆள். அந்த ஆள் வராவிட்டால் மனைப்பலகையில் உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தெரியும்.

ஜோதியம்மாள்


மேட்டுக்குப்பம்,
4.9.2001

சம்பந்தி அம்மாளுக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? மூர்த்தி உங்களை வீட்டு வாசலில் விட்டானா, கூட்டத்தில் செஞ்சி ரோட்டிலேயே இறக்கிவிட்டானா?

நீங்கள் அந்த வண்டியிலிருந்து இறங்கியதை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். மேலே பலகை, உள்ளே நாலு வெள்ளைக்காரர்கள், நடுவில் நீங்கள். மடியில் இரண்டு, காலடியில் ஐந்து என்று ஏழு தூக்கு. "அந்தக் காலை எடுன்னு சொல்லுப்பா மூர்த்தி, பொங்கல்மேல படுது!" என்று நீங்கள் போட்ட சத்தம்தான் முதலில் வந்தது, வண்டி பிறகுதான் நின்றது. தேவிப்ரியா உள்ளே தலை பின்னிக்கொண்டிருந்தாள். "எங்கம்மா" என்று பாதிப் பின்னலோடு எழுந்து ஓடினாளே, ஏழு மாசக்காரி ஓடலாமா?

சோறு அருமை. என் நாத்தனார் இரண்டாம் முறை வாங்கித் தின்றாள். பாத்திரத்தில் கொஞ்சம்தான் மிச்சம், அதை உங்களுக்கே கட்டிக் கொடுத்தேன்.

ஆனால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் ஒரு வாய் சோறு இல்லை, தண்ணீர்கூட நீங்கள் தொடவில்லை. இருபது பெண்கள் பார்த்தார்கள். பௌர்ணமி விரதம் என்றீர்கள். சரி. ஆனால் நான் டம்ளரை நீட்டினபோது உங்கள் மூக்கு சுருங்கியதை விரதம் என்று சொல்ல முடியாது.

ஜோதியம்மாள்


அருணாசல சிவம்

திருவண்ணாமலை,
7.9.2001

சம்பந்தி அம்மாளுக்கு,

மூக்கு சுருங்கியது நிஜம். டம்ளரில் மீன் வாசனை அடித்தது. உங்கள் கையில் அடித்தது, பாயில் அடித்தது, எனக்கு வைத்த பூவில்கூட அடித்தது. பொய் சொல்ல எனக்கு வராது. வண்டியிலும் நான் பட்டது கொஞ்சமில்லை. அந்த வெள்ளைக்காரி உடம்பெல்லாம் பூசிக்கொண்டிருந்த எண்ணெய் என் தோளில் ஒட்டி இன்னும் போகவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பௌர்ணமியன்று ஊரை விட்டு வெளியே போகிற ரோடு எப்படி இருக்கும் என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. எதிரே வரும் பஸ்ஸெல்லாம் படிக்கட்டு வரை ஜனம், எங்கள் பக்கம் ரோடே காலி. அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டு போவது போல இருந்தது. கீழ்பென்னாத்தூர் தாண்டும் வரை திரும்பி மலையைப் பார்க்கவில்லை. திரும்பும்போது கூட்டத்தில் ஊர் வந்து சேர விடிந்துவிட்டது, மலை சுற்றவில்லை. புரட்டாசிப் பௌர்ணமியிலிருந்து ஒன்று என்று எண்ணப்போகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை காலை, நீங்கள் கட்டிக் கொடுத்த புளிச் சாதத்தை வீட்டுக்காரருக்கு வைத்தேன். ஒரு வாய் போட்டார். என் முகத்தைப் பார்த்தார். "ரேணு, கடலோரம்தானே போறோம்னு உப்பைப் போடாம விட்டுட்டியா?" என்றார்.

நான் எடுத்து வாயில் போட்டேன். ஒரு கல் உப்பு இல்லை.

பௌர்ணமியன்று நான் உப்பில்லாமல்தான் சாப்பிடுவேன். அன்றைக்கு அடுப்பில் என்ன வைத்தாலும் உப்பு டப்பா பக்கம் கை போகாது. எட்டு வருஷப் பழக்கம். சாமி காரியம் போலச் செய்ததால் ருசியும் பார்க்கவில்லை. சர்க்கரைப் பொங்கலைத் தவிர மற்ற ஆறிலும் உப்பு விழவில்லை. ஒத்திகை பார்த்து, நேரம் எழுதி, தேங்காய்ச் சாதத்தைக் கடைசியில் கிளறி, தயிருக்குப் பதில் பாலை ஊற்றிக் கொண்டுவந்தவள் நான். இதை விட்டேன்.

அன்றைக்கு மனைப்பலகையில் நடந்ததை மறுபடி மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு சோறாக வாயில் வைத்தேன். ஆறு வாய் உப்பில்லாத சோறு. வாங்கி வாங்கி விழுங்கி, "நல்லாருக்கும்மா" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது. என்னைப் பார்த்த சந்தோஷம் என்று நினைத்தேன். எதுவுமே உள்ளே நிற்காதவள் அதை எப்படி நிறுத்தினாள்? பிறகு உங்கள் சனம் இருபது பேர். ஒருத்தி முகம் சுளித்தாளா? ஒருத்தி உப்பு கேட்டாளா? உங்கள் நாத்தனார் இரண்டாம் முறை வேறு வாங்கினார். நீங்களோ, "அருமை" என்று கடிதத்தில் எழுதுகிறீர்கள். நான் உங்கள் டம்ளர் வாசனைக்கு மூக்கைச் சுருக்கிக்கொண்டு அங்கேயேதான் நின்றேன்.

சீ என்று இருக்கிறது. இந்தத் தரம் உங்களைப் பார்த்து இல்லை.

சரி. தலைப் பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். மாளய பட்சம் முடிந்து 19ஆம் தேதிக்குமேல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துக்கொள்கிறேன். செங்கல்பட்டு வழி பஸ் அவளுக்கு ஆகாது, குலுக்கிவிடும். பாண்டிச்சேரி வழி வேண்டவே வேண்டாம். மூர்த்தியிடம் பேசிவிட்டேன், அன்றைக்குத் திரும்பும்போது வண்டியில் வேறு யாரையும் ஏற்றமாட்டான். சீட்டெல்லாம் நான் முதல்நாளே போய்ச் சோப்புப் போட்டுக் கழுவப்போகிறேன். அந்தப் பலகையையும் அவிழ்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. இங்கே வந்தும் அவளுக்கு அது ஒன்றுதான் உள்ளே நிற்கும் என்றால் நான் என்ன செய்வது? கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தனி அடுப்பு போட்டிருக்கிறேன். தனி வாணலி, தனிக் கரண்டி, தனித் தட்டு. வீட்டுக்குள் வரக் கூடாது. சமைத்துவிட்டு நான் தலை முழுகித்தான் உள்ளே வருவேன். ஆனால் மீன் கையால் தொட்டு எட்டு வருஷம் ஆகிறது, எல்லாம் மறந்துவிட்டது. எந்த மீன் வாங்க வேண்டும், நல்லதா கெட்டதா என்று எப்படிப் பார்ப்பது, செதிலை எதால் தேய்ப்பது, குடலை எங்கே கீறி எடுப்பது, எத்தனை தண்ணீர் விட்டு அலசுவது என்று விவரமாக எழுதுங்கள். எழுதும்போதே எனக்குக் குமட்டுகிறது. நீங்கள் ஒன்றும் விடாமல் எழுதுங்கள்.

ரேணுகாம்பாள்